அண்டாவுக்குள் இருந்த ஜமா

எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது ஜாதகப் பொருத்தத்தால்தான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சைப் பொய். நிச்சயமானதற்குக் காரணம் நான்கு வெள்ளைக்காரர்கள். முகம் முழுக்கச் சாயம், ஒரு சாண் உயரக் குதிகால் வைத்த பூட்ஸ், உடம்பெல்லாம் ஜரிகை. ஒருத்தனுக்குத் தோளில் இறக்கை, ஒருத்தனுக்கு நெற்றி நிறைய நட்சத்திரம், ஒருத்தனுக்குப் பாதி முகம் வெள்ளி, பாதி முகம் சிவப்பு, இன்னொருத்தனுக்கு இடுப்புவரை கூந்தல். வில்லியனூர் என்று ஓர் ஊர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வாழ்த்துத் தந்தியாவது அடித்திருப்பார்கள்.

அவர்களை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். அப்படி இருப்பவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போது சோப்பு, சென்ட், சாக்லேட் எல்லாம் கொண்டுவருவார். ஒருமுறை பாலாடைக்கட்டி கொண்டுவந்தார். அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு, பாவம், வழியில் கெட்டுப்போய்விட்டது என்று எருக்குழியில் போட்டுவிட்டாள். எழுபதுகளின் கடைசியில் வந்த லீவில் சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற ஒரு ரெக்கார்டு பிளேயரும், பெரிய பெரிய அட்டையில் மூன்று ஆல்பமும் கொண்டுவந்தார். அட்டைகளில் நின்றவர்கள்தான் அந்த நான்கு பேர்.

"கடையில போயி, காலேஜு படிக்கிற புள்ளைங்க இன்னா கேக்குதுங்கன்னு கேட்டேன். அங்க இருந்த பொண்ணு இத எடுத்துக் குடுத்துச்சி" என்றார். அவர் அதுவரை அதைக் கேட்டதில்லை என்பது முதல் ரெக்கார்டில் ஊசி விழுந்ததுமே தெரிந்துவிட்டது. அரை நிமிஷத்தில் எழுந்து செருப்பைத் தேடினார்.

பிளேயரின் பிளக் எங்கள் வீட்டுச் சுவரில் நுழையவில்லை. அதை வெட்டிப் போட்டுவிட்டு, இரண்டு ஒயரையும் ஓட்டைக்குள் விட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீக்குச்சியைச் சொருகி இறுக்கினேன். அந்தக் காலத்தில் வில்லியனூரில் பாதி வீட்டு மின்சாரம் தீக்குச்சியால்தான் ஓடியது. யாரும் செத்ததாகக் கேள்விப்படவில்லை.

அப்போது நான் பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போய் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று ஆல்பமும் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தன. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என்ன பாடுகிறார்கள் என்று பத்துக்கு ஒரு வார்த்தைதான் புரிந்தது. ஆனால் எங்கள் வீட்டில் யாருமே அப்படி முழு வாயைத் திறந்து எதையும் சொன்னதில்லை. பெண்பிள்ளைகள் சிரித்தால்கூட பல்லுக்குக் கணக்கு வைத்திருந்த வீடு அது. இவர்கள் என்னவென்றால் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்திவிட்டு, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் அடுத்த பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நாலரைக்கு வந்து பையை எறிந்தால் நேராக பிளேயர்தான்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அபிப்பிராயம் இருந்தது. அப்பாவுக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. பித்தளை, வெண்கலம், செம்பு எது வந்தாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுத் தரம் சொல்லிவிடுவார். அவருக்கு அந்தப் பாட்டில் பாட்டு கேட்கவில்லை. டிரம்ஸ் அடிக்கிறவன் இடையிடையே தட்டுகிற அந்த உலோகத் தாளத்தின் ஓசை மட்டும்தான் கேட்டது. ஒரு வாரம் கேட்டுவிட்டு, "அது வெங்கலம் இல்ல. தகடு. எவனோ ஏமாத்திட்டான்" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த டிரம்ஸ்காரன் மேல் அவருக்கு ஓர் இரக்கம் வந்துவிட்டது.

அம்மாவுக்கு அவர்களுடைய தொண்டை பற்றித்தான் கவலை. "சுக்குத்தண்ணி வச்சிக் குடுக்க ஆளு இல்லையா இவனுங்களுக்கு?" என்பாள். அட்டையில் இருந்த கூந்தல்காரனைப் பார்த்தால் மட்டும், "இதுக்கு எத்தினி எண்ண ஆவும்!" என்று பெருமூச்சு விடுவாள்.

அக்காவுக்குத்தான் ஆகவே ஆகாது. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். சத்தம் போட்டு நடக்கமாட்டாள். கோலம் போட்டால் ஒரு புள்ளி விலகாது. இரண்டாவது ரெக்கார்டில் முதல் பாட்டில் ஓர் இடம் வரும். பாடுகிறவன் குரலை மேலே, மேலே, இன்னும் மேலே கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவிடுவான். அடிபம்பில் ஒரு செம்பு நிரம்புகிற நேரம் வரை இறக்கமாட்டான். சரியாக அவன் உச்சிக்குப் போன நொடியில் சமையலறையிலிருந்து அக்கா கத்துவாள், "நிறுத்துடி!"

நான் பதிலுக்குக் கத்துவேன், "முடியாது போக்கா!"

அவன் இறங்குவான். பாட்டு தொடரும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருஷம். தினமும் அதே இடம், அதே இரண்டு வசனம். அக்கா கோயிலுக்குப் போயிருக்கிற வெள்ளிக்கிழமைகளில் அந்த இடம் வரும்போது எனக்கு ஏதோ ஒரு படி இறங்கத் தவறிய மாதிரி இருக்கும். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் கொழுப்பு ஏறிவிடும்.

இந்தச் சமயத்தில்தான் பாகூரிலிருந்து வரன் வந்தது. கரும்பு விவசாயம், சொந்த நிலம், ஒரே பையன். அதற்கு முன்பு இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு, கடிதம் போடாமலே விட்டவர்கள் உண்டு. அப்போதெல்லாம் அக்கா கவலைப்படவில்லை. இந்த முறை மட்டும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஏனென்று பிடுங்கிப் பிடுங்கிக் கேட்ட பிறகு சொன்னாள்.

அப்பா மதியம் சாப்பிட வீட்டுக்கு வரும்போது அக்காதான் கடையைப் பார்த்துக்கொள்வாள். அந்தப் பையன் ஒருநாள் வந்து ஓர் அண்டா வாங்கினானாம். அடுத்த வாரம் வந்து, மூடி சேரவில்லை என்று சொன்னானாம். அதற்கடுத்த வாரம் பஸ் ஏறி மறுபடி வந்து, மூடி சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனானாம். இப்படிப்பட்ட ஒருத்தனை எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்காது?

"இவங்களும் கடிதாசி போடாம போயிட்டா நான் இனிமே யாரு முன்னாடியும் வந்து நிக்கமாட்டேன்டி" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் விளையாட்டுக்கு எதையும் சொல்லமாட்டாள்.

தரகர் வேறு, பையனின் அப்பா மகா கண்டிப்பானவர், ஊரில் திருவிழா எடுப்பதே அவர்தான், பேச்சில் ஒரு சுத்தம் வேண்டும் என்று பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்கு உடனே ஆல்பங்கள் நினைவுக்கு வந்தன. மூன்றாவது ஆல்பத்தில் இறக்கைக்காரன் சட்டையே போடாமல் நிற்பான், மார்பில் மயிருக்குப் பதில் மினுமினுப்பு.

"அந்தக் கண்றாவிய எங்கியாவது ஒளிச்சி வையி" என்றாள்.

கூடத்தில் அப்பா அக்காவுக்குக் கொடுக்கப்போகிற பாத்திரங்களை எல்லாம் புளி போட்டு விளக்கி, சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். கடைசியில் ஓர் ஆளே உட்காரலாம் போல ஒரு பித்தளை அண்டா. மூன்று ஆல்பத்தையும் பழைய போர்வையில் சுற்றி அதற்குள் திணித்து மூடியைப் போட்டேன். பிளேயரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பையன், அவன் அம்மா, அப்பா மூன்று பேரும் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார்கள். அப்பாக்காரருக்குப் பெரிய உடம்பு, பெரிய மீசை. இனிமேல் அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். கேசரியைத் தொடவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. பாத்திர வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தைப் பார்த்தால் தட்டாமல் போகிற ஆள் கிடையாது. குனிந்து முதல் சொம்பைத் தட்டினார். ணங். தவலை, ணங். குடம், ணங். ஒவ்வொரு ணங்குக்கும் அப்பாவின் முகம் மலர்ந்தது.

அண்டாவைத் தட்டினார். டொப்.

மறுபடி தட்டினார். டொப்.

"இன்னாங்க இது?" என்றார் பெரியவர். "இதுல மட்டும் சத்தம் காணோம். கலப்படமா?"

அப்பாவுக்கு ஆல்பம் ஒளித்த விஷயம் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. கலப்படம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் தான் பெண்ணைப் பெற்றவர் என்பதையே மறந்துவிட்டார். "எங்க கடை அண்டாவா! முப்பது வருஷ யாவாரங்க! கலப்படம்னு நீங்க காட்டுங்க, இன்னியோட கடைய சாத்திட்றேன்!" என்று கத்திக்கொண்டே மூடியைத் தூக்கினார். போர்வையை இழுத்தார். மூன்று ஆல்பமும் கூடத்தின் நடுவில் வந்து விழுந்தன. மேலே இருந்தது சட்டையில்லாத இறக்கைக்காரன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள் அறை வாசலில் தொங்கிய திரைக்குக் கீழே அக்காவின் பாதங்கள் தெரிந்தன. காபித் தட்டோடு எப்போது கூப்பிடுவார்கள் என்று நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கால் விரல்கள் மடங்கியதை நான் பார்த்தேன். எல்லாம் என்னால்தான்.

பெரியவர் ஆல்பத்தைக் கையில் எடுத்தார். கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்த ஊரு ஜமா?" என்று கேட்டார்.

தெருக்கூத்துக் குழுவை எங்கள் பக்கம் ஜமா என்பார்கள். முகத்தில் அரிதாரம், தோளில் மரத்தால் செய்த புஜக்கட்டை, தலையில் கிரீடம், காலில் சலங்கை, ஊர் கேட்கக் குரல். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் என்ன தப்பு? அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவளை மாதிரி சமயத்துக்குப் புளுக ஆள் கிடையாது.

"என் தம்பி இருக்குற ஊரு ஜமாங்க. பிரான்சு."

"அங்கியும் கூத்து கீதா!" என்று பெரியவர் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

இளவயதில் அவரே வேஷம் கட்டியவர் என்று அப்போதுதான் தெரிந்தது. மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பது போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இவன் ராஜா வேஷம். தோள்ள பாரு, கட்ட நல்லா அகலமா வச்சிருக்கான். இவன் ராட்சசன். அர மூஞ்சி செவப்பு, அதான் கணக்கு. முடி வச்சிருக்கானே, பொம்பள வேஷம். ஆனா மீசைய எடுக்கல, சோம்பேறி. இந்த நட்சத்திரக்காரன் யாரு? சிரிக்கிறான். கட்டியங்காரனாத்தான் இருப்பான்." கட்டியங்காரன் என்றால் கூத்தில் கோமாளி. ராஜா பேசும்போது நடுவில் புகுந்து கேள்வி கேட்பதுதான் அவன் வேலை.

பிறகு என்னைப் பார்த்து, "போடு பாப்பம்" என்றார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பிளேயரை இழுத்தேன். தீக்குச்சியைச் சொருகினேன். எதைப் போடுவது என்று யோசிக்கிற நிலையில் இல்லை. கைக்கு வந்தது இரண்டாவது ரெக்கார்டு.

முதலில் கிடார் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும். பெரியவர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "இப்ப தெர புடிச்சிருக்கானுங்க. உள்ள நிக்கிறான்." கூத்தில் வேஷக்காரன் திரைக்குப் பின்னால் நின்று ஆர்ப்பாட்டம் செய்துவிட்டுத்தான் வெளியே வருவான். டிரம்ஸ் ஆரம்பித்தது. "சலங்கைய ஒதர்றான்." பாடுகிறவன் ஓர் அலறலோடு ஆரம்பித்தான். பெரியவர் தொடையைத் தட்டினார். "வந்துட்டான்!"

பையன் கூத்தையும் கேட்கவில்லை, கேசரியையும் பார்க்கவில்லை. திரைக்குக் கீழே இருந்த பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா இந்த நிலைமையிலும் காதைச் சாய்த்து, "தாளம் மட்டும் தகடுங்க" என்றார்.

அந்த இடம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அது நினைவே இல்லை. மேலே, மேலே, இன்னும் மேலே. குரல் உச்சியில் போய் நின்றது.

"நிறுத்துடி!" என்று திரைக்குப் பின்னாலிருந்து அக்கா கத்தினாள்.

"முடியாது போக்கா!" என்று நான் கத்தினேன்.

ஒன்றரை வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது. கத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது. திரைக்குப் பின்னால் காபி டம்ளர்கள் கலகலவென்று ஆடின. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பையனின் அம்மா வாயைத் திறந்தபடி கணவரைப் பார்த்தாள். எனக்குக் கிணற்றில் போய் விழலாம் போலிருந்தது.

பெரியவர் மெல்ல எழுந்தார்.

"பாத்தியாடி!" என்றார் தன் மனைவியிடம். "ராஜா தலகாலு தெரியாம கத்துறான், எடம் பாத்து கட்டியங்காரி பூந்து கேட்டாளே! ஒரு தாளம் முந்தல, ஒரு தாளம் பிந்தல! நம்ம ஊரு ஜமாவுல முப்பது வருஷம் ஆடுறவனுக்கு இது வரல!"

அதே மூச்சில் அப்பாவின் பக்கம் திரும்பி, "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க" என்றார். பெண்ணை அவர் அதுவரை பார்க்கவில்லை. அதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. காபி ஆறிப்போய்விட்டதால் அக்கா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகும் அவர் கிளம்பவில்லை. மூன்று ஆல்பத்தையும் கேட்டார். மெதுவான பாட்டு ஒன்று உண்டு. அதில் பொம்பள வேஷக்காரன் தனியாகப் பாடுவான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத ஒரு பையனைப் பற்றிய பாட்டு என்பது வரை எனக்குப் புரிந்திருந்தது. பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புருசன் போர்க்களத்துல கெடக்கிறான், இவ தேடிகினு வர்றா" என்று எல்லோருக்கும் விளக்கினார். அம்மாவும் சேர்ந்து அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவின் வாழ்க்கையா, திங்கட்கிழமையா?

புறப்படும்போது வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னார். "சீரு உங்க இஷ்டம். நாங்க ஒண்ணும் கேக்கல. அந்த மூணு ரெக்காட மட்டும் பொண்ணோட அனுப்பிடுங்க. எங்க வூட்லயும் ஒரு பாட்டுப் பொட்டி கீது. இருக்குறது மூணும் சாமி பாட்டு. கேட்டுக் கேட்டு சாமிக்கே அலுத்துப் போயிருக்கும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்த மாதிரி ஏதோ செய்தேன்.

அன்றைக்கு நான் அழுத அழுகை இருக்கிறதே. தலையணையைக் கடித்தேன். அப்பாவின் அண்டாவை எட்டி உதைத்தேன், அது இப்போது நன்றாக ணங் என்றது. நகை கேட்டிருக்கலாம், நாற்பது குடம் கேட்டிருக்கலாம், உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே பொருளையா கேட்க வேண்டும்? அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேணாம்டி. குடுக்கமாட்டோம்னு அப்பாவ சொல்லச் சொல்றேன். அதுக்காக வேணாம்னு போனா போவட்டும்" என்றாள். அவள் உதடு கோணியது.

நான் பெருந்தன்மையால் கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். இவள் இப்படி உதட்டைக் கோணிக்கொண்டு ஆயுள் முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் நான் எப்படிப் பாட்டுக் கேட்பது? அந்த எரிச்சலில், "எடுத்துனு போ, தொல" என்றேன்.

சீர்வரிசையில் தாம்பாளம் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். பழம், பூ, மஞ்சள், பலகாரம் என்று பதினெட்டு வந்திருந்தது. மூன்று ஆல்பத்துக்கும் மூன்று தாம்பாளம் போட்டு இருபத்தொன்று ஆக்கினாள் அம்மா. சந்தனம், குங்குமம் வைத்து, ஆளுக்கொரு முழம் மல்லிகையும் சுற்றினாள். எங்கள் அத்தை ஒருத்தி ராட்சசனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் பயபக்தியோடு நடந்தாள். பார்த்தவர்கள் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அக்கா போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. பிளேயர் சும்மா கிடந்தது. நாலரைக்கு வந்து பையை வைத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பேன். என் பாட்டுப் போய்விட்டதே என்றுதான் எனக்கு வருத்தம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் பாகூர்ப் பக்கத் திருவிழாவுக்கு எங்களை அழைத்தார்கள். பெரியவர் ஏற்பாடு செய்த கூத்து. பொழுது சாய்வதற்கு முன்பே வேஷம் போடுகிற கொட்டகைக்கு என்னைப் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ராட்சச வேஷக்காரர் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே கண்ணாடிக்குப் பக்கத்தில் என் இரண்டாவது ஆல்பத்தின் அட்டை சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவர் பாதி முகத்துக்குச் சிவப்பும் பாதி முகத்துக்கு வெள்ளிச் சாயமும் பூசிக்கொண்டிருந்தார். காலுக்கு மரக்கட்டை வைத்து ஆணி அடித்த செருப்பு வேறு. "இதப் போட்டுகினு நான் ஆடவா, ஆஸ்பத்திரிக்குப் போவவா?" என்று பெரியவரைக் கேட்டார். கேட்டுக்கொண்டே சிவப்புக் கட்டைவிரலால் என் அட்டையைத் திருப்பினார்.

இறக்கைக்காரன் வயிற்றில் ஒரு கட்டைவிரல் ரேகை. அதற்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. ஓர் ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கூத்தைப் பார்க்காமல் நேராக அக்காவிடம் போய், "என் ஆல்பத்தக் குடுத்துடு. இவங்களுக்கு வச்சிக்கத் தெரியல. நாளைக்கு எடுத்துனு போவப் போறேன்" என்றேன்.

"சரிடி. எங்க மாமனார்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள் அக்கா. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறும் முன் ஒரு பொட்டலம் கொடுத்தாள். பழைய சேலையில் சுற்றி, மேலே சணல் கட்டி, ஒன்பது முடிச்சு. "வூட்டுக்குப் போயி பிரி. பஸ்ஸுல பிரிச்சா ஒடையும்" என்றாள். பாகூரிலிருந்து பாண்டிச்சேரி, பாண்டிச்சேரியிலிருந்து வில்லியனூர், வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவைத் தொடக்கூட விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முடிச்சுகளைப் பல்லால் அவிழ்த்தேன். மூன்று அட்டையும் கறையோடு இருந்தன. இரண்டாவது அட்டைக்குள் கை விட்டு ரெக்கார்டை எடுத்து, தீக்குச்சி சொருகி, கண்ணை மூடிக்கொண்டு ஊசியை வைத்தேன். உறுமல் வரவில்லை. மணி அடித்தது. பிறகு நாதஸ்வரம். பிறகு ஒருவர் மிகவும் நிதானமாகப் பிள்ளையாரைக் கூப்பிட ஆரம்பித்தார்.

மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் முருகன், ஒன்றில் மாரியம்மன். அம்மா உள்ளேயிருந்து கையைக் கூப்பிக்கொண்டே வந்தாள். "இவ்ளோ நல்லா பாடுவானுங்களா? மொதல்லியே இதப் போட்டிருந்தா உங்க அக்கா கத்தியிருக்க மாட்டா" என்றாள்.

திருடி! கோலத்தில் ஒரு புள்ளி விலகாதவள் செய்கிற வேலையா இது? அந்தப் பாட்டைக் காதால் கேட்கச் சகிக்காதவள், எதற்காக அட்டையை மட்டும் கொடுத்து என்னை ஏமாற்ற வேண்டும்? மாமனாருக்குப் பயந்து செய்திருப்பாள் என்று முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று சாமியையும் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் பாகூருக்குப் பஸ் ஏறினேன். என்னென்ன திட்ட வேண்டும் என்று வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

மத்தியானம். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்ததால் வீட்டு ஆட்கள் எல்லோரும் கழனியில். தெருவில் திரும்பும்போதே கிடார் உறுமல் கேட்டது. வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்தில் அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிளேயர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது ரெக்கார்டு, முதல் பாட்டு. நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த இடம் வந்துவிட்டது.

"நிறுத்துடி!" என்று அக்கா கத்தினாள்.

வீட்டில் யாருமே இல்லை. கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கத்தினாள். கத்திவிட்டு, உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்தாள். பாடுகிறவன் இறங்கிவிட்டான். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பாட்டு முடிவதற்குள் கையை நீட்டி ஊசியைத் தூக்கி, மறுபடியும் முதலில் வைத்தாள்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகமில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். திரை பிடித்தார்கள். சலங்கையை உதறினான். வந்தான். மேலே, மேலே, இன்னும் மேலே.

"நிறுத்துடி!"

"முடியாது போக்கா!" என்றேன்.

முறம் கவிழ்ந்து கூடம் பூராவும் கடலை உருண்டது. எதற்கு வந்தாய் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மண்டிபோட்டுப் பொறுக்கி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் முழுக்கப் பாடி முடிந்திருந்தது. எழுந்து போய் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டேன்.